அந்தரமும் அவசரமும்



சென்ற இதழில் சம்பளத்துண்டை வாசிக்கும் விதம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்குள் ஒன்று சம்பளத்தைப் பற்றியதல்ல. ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருடமான ஒரு குடும்பத்தலைவர் எழுதியிருந்தார். வீட்டுக்கு மஞ்சள் உறையில் கோட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். கார் ஓட்டும்போது இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று குற்றம். "கட்டச் சொன்ன காசைக் கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே அண்ணை? கோட்டு வாசலை மிதிக்க எனக்கு விருப்பமில்லை" என்று முடித்திருந்தார்.

அவரோடு அன்றிரவே தொலைபேசியில் கதைத்துவிட்டேன். மஞ்சள் உறைக்கு நாட்கணக்கு உண்டு. பத்திரிகை அச்சாகி வரும்வரை அது காத்திராது. ஆனாலும் அவர் கேட்டதை இந்தப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. எனக்கும் அதே நிற உறை 2019ஆம் ஆண்டு மாசி மாதம் வந்தது. இதுவரை நெருங்கிய நாலைந்து பேருக்குத்தான் அது தெரியும். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

நான் சட்டம் படித்தவனல்ல. ஊரில் ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு நடந்ததையும், அதில் நான் விளங்கிக்கொண்டதையும்தான் எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

2018 கார்த்திகை மாதம். இரவு வேலை முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. மேற்பார்வையாளர் வந்து, வீட்டிலிருந்து தொலைபேசி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சலில் வலிப்பு வந்து கண் மேலே செருகிவிட்டதாம், அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போகிறதாம். "எனக்கு ஒரு பாசையும் தெரியாது, கெதியா வாங்கோ" என்று மனைவி அழுகிறாள். நான் சப்பாத்துக்கூட மாற்றவில்லை. இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தோடு காரில் ஏறினேன்.

விடியப்புறம், நல்ல புகார். கார்த்திகை மாதத்தில் இந்தப் பக்கத்து வீதிகளில் சீனிக்கிழங்கு ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஊர்ந்துகொண்டு போகும். அன்றும் ஒன்று முன்னால் போனது, பின்னால் இரண்டு பெட்டி. வீதி நடுவில் முழுக்கோடு, முன்னே வளைவு. நான் முந்தினேன். பாதி தூரம் போகும்போது எதிரே ஒரு சின்னக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் பிரேக் அடித்து, காரைப் புல்லுக்குள் இறக்கினார். கார்கள் முட்டவில்லை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

கொஞ்சம் முன்னே நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினேன். அறுபது வயது தாண்டிய ஒரு ஜேர்மன் அம்மா. கை இரண்டும் நடுங்கியபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். எனக்குத் தெரிந்தது இரண்டே சொல்: பிள்ளை, ஆஸ்பத்திரி. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் பொலிசை அழைத்தார். அவரில் பிழையில்லை, நானாக இருந்தாலும் அழைத்திருப்பேன். பொலிஸ் வந்து விபரம் எழுதிவிட்டு என்னைப் போக விட்டது. மகள் இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மார்கழியில் பொலிசுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். குற்றம் சாட்டப்பட்டவர் பொலிஸ் அழைப்புக்குப் போகத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதும் (வழக்குத்தொடுநரோ கோட்டோ அழைத்தால்தான் கட்டாயம்), பெயர், விலாசம், பிறந்த திகதி போன்றவற்றைத் தவிர வேறெதையும் சொல்லாமல் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது. பொலிஸ்காரர் அதை முதலிலேயே வாசித்தவர்தான். சொல்லாவிட்டால் களவன் என்று நினைப்பார்கள் என்று நான் எல்லாவற்றையும் சொல்லப் புறப்பட்டேன்.

உரைபெயர்ப்பாளராகத் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வந்திருந்தார். மரியாதையான பிள்ளை. ஏன் முந்தினாய் என்று பொலிஸ்காரர் கேட்டார். நான் சொன்னேன்: "அந்தரத்திலை முந்திப்போட்டன்."

தம்பி என் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் அந்தரம் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பக்கத்தில் அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது. பாவம், கார் ஆகாயத்தில் போனதா என்று யோசித்திருப்பார். "அவசரமா போனீங்களா சார்?" என்று கேட்டார். அதுவும் ஒரு விதத்தில் சரிதானே என்று நானும், "ஓம், அவசரம்" என்றேன். பொலிஸ்காரர் தட்டச்சில் அடித்தார். நாலு வரி. வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்றதையும் சொன்ன ஞாபகம். ஆனால் அந்த நாலு வரியில் அது இல்லை.

தை மாதம் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலைக்குக் காலை வேலைக்குப் போக பஸ் இல்லை. ஒரு துருக்கிய நண்பர் நாலரை மணிக்குச் சந்தியில் வந்து ஏற்றினார். அவர் விடுமுறையில் போன மூன்று கிழமையும் நான் சைக்கிளில் போனேன், ஒரு வழி 17 கிலோமீற்றர்.

மாசியில் மஞ்சள் உறை வந்தது. இதை ஜேர்மன் மொழியில் ஸ்ட்ராஃப்பெஃபேல் என்பார்கள், தண்டனைக் கட்டளை. வழக்குத்தொடுநர் எழுதிக் கேட்க, நீதிபதி உங்களைக் காணாமலே கடதாசியைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். உறைக்கு மேல் தபால்காரர் திகதி எழுதியிருப்பார். அந்தத் திகதியிலிருந்து இரண்டு கிழமை. அதற்குள் நீங்கள் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் அந்தக் கடதாசி தீர்ப்பாகிவிடும். உறையை உடைக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் ஆட்கள் பலர் இதை வாகனத் தரிப்புக்கு வருகிற தண்டப்பணம் மாதிரி நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். இது அதல்ல. கட்டினால் நீங்கள் குற்றவாளி என்று பதியப்பட்டவர்.

எனக்குப் போட்டது 60 நாள் வீதம், நாளொன்றுக்கு 40 யூரோ, ஆக 2,400 யூரோ. கைக்கு வரும் மாதச் சம்பளத்தை முப்பதால் பிரித்து, பிள்ளை குடும்பம் என்று கொஞ்சம் கழித்து அந்த 40 வருகிறது. அதோடு அனுமதிப்பத்திரம் ரத்து, இன்னும் எட்டு மாதத்துக்குப் புதிது தரக்கூடாது என்றும் இருந்தது.

கட்டளையோடு தமிழ் மொழிபெயர்ப்பும் வந்தது. ஜேர்மன் தெரியாதவருக்கு இப்படியான கட்டளையை மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. 2017இல் லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒரு டச்சுக்காரரின் வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. உங்களுக்கு மொழிபெயர்ப்பு வராவிட்டால் கேளுங்கள். ஆனால் அது வரட்டும் என்று இரண்டு கிழமையைக் கடத்தாதீர்கள்.

அந்தத் தமிழ்ப் பக்கத்தைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். ஓரிடத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் தமது அவசரத்தின் பொருட்டு மற்றவர்களின் பாதுகாப்பில் எவ்வித அக்கறையுமின்றி முந்தினார் என்று இருந்தது. அவசரம் என்ற சொல்லைக் கண்டதும்தான் நான் சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று விளங்கியது.

மேல்மாடியில் இருக்கும் அண்ணர் 1985இல் வந்தவர். கடதாசிகளை அவரிடம்தான் காட்டுவோம். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, பேசாமல் கட்டிப்போட்டு இரு. கோட்டுக்குப் போனால் கூட்டிப்போடுவாங்கள்" என்றார். அவர் சொன்னது பாதி சரி. கட்டளைக்கு எதிர்ப்புத் தெரிவித்து முதல் விசாரணைக்குப் போகும்போது நீதிபதி தண்டனையைக் கூட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் மாத்திரம் மேன்முறையீடு செய்தால் மேல் கோட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. வழக்குத்தொடுநரும் உங்களுக்கு எதிராக மேன்முறையீடு செய்தால்தான் கூட்டலாம். இந்த மற்றப் பாதி அண்ணருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

மனைவி வேறு விதமாகக் கேட்டாள். "அந்த மனுசி பயந்தது பொய்யோ? நீங்கள் கோட்டில போய் என்னத்தைச் சொல்லப் போறியள்?"

அதற்கு எனக்குப் பதில் இல்லை. இரண்டு மூன்று இரவு யோசித்தேன். முந்தியது பிழை, அந்த அம்மா செத்திருக்கலாம், உழவு இயந்திரக்காரரும் நானும் செத்திருக்கலாம். அதற்குத் தண்டனை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் மற்றவனின் உயிரைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்தவன் நான். அந்த ஒரு வசனத்துக்குக் கீழே என் பெயர் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதின்மூன்றாம் நாள் கோட்டுக்கு நேரே போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு வரி போதும்: வழக்கு இலக்கம், இந்தத் திகதியிட்ட கட்டளைக்கு நான் ஐன்ஸ்புறுக் செய்கிறேன், திகதி, கையெழுத்து. காரணம் எழுதத் தேவையில்லை. தபாலில் போடுவதென்றால் போட்ட நாள் கணக்கல்ல, கோட்டுக்குக் கிடைத்த நாள்தான் கணக்கு. சாதாரண மின்னஞ்சல் செல்லாது. எழுத வராதவர் கோட்டு அலுவலகத்தில் நேரே சொல்லிப் பதிவிக்கலாம். குற்றத்தை ஒத்துக்கொண்டு, நாளுக்கு இவ்வளவு என்ற தொகை உங்கள் சம்பளத்துக்குக் கூட என்றால் அதற்கு மாத்திரமும் எதிர்ப்புக் காட்டலாம். இது பலருக்குத் தெரியாது. சம்பளம் தெரியாவிட்டால் அவர்கள் மதிப்பிட்டுத்தான் போடுகிறார்கள்.

வைகாசியில் ஆம்ற்ஸ்கெரிக்ற்றில் விசாரணை. சட்டத்தரணி இல்லாமல் போனேன், உண்மையைச் சொல்வதற்கு ஏன் ஆள் என்று நினைத்து. ஆஸ்பத்திரிக் கடதாசியும் கொண்டு போகவில்லை. நீதிபதி முன்னால் கிடந்த பொலிஸ் வாக்குமூலத்தைப் பார்த்து, அவசரமாகப் போனீர்களா என்று கேட்டார். இந்த முறை வேறு உரைபெயர்ப்பாளர், ஆனால் அதே சொல். நான் திரும்பவும் "ஓம்" என்றேன். பிறகு பிள்ளையின் கதையைச் சொன்னேன். வழக்குக்காக இப்போது சொல்கிறான் என்று நினைத்தார்களோ தெரியாது. அந்த அம்மா சாட்சி சொன்னார், தான் பயந்த விதத்தைச் சொன்னார். அவரிடம் ஏதாவது கேட்க விருப்பமா என்று நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து "மன்னிப்பு" என்று மட்டும் சொன்னேன். அது கேள்வி அல்ல. தண்டனை அப்படியே உறுதியானது.

வெளியே வரும்போது கால் நிலத்தில் படவில்லை. ஆனால் நீதிபதி கடைசியாகச் சொன்னதை உரைபெயர்ப்பாளர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்: ஒரு கிழமை. தீர்ப்பு வாசித்த நாளிலிருந்து ஒரு கிழமைக்குள், அதே கோட்டிலேயே, பெறூஃபுங் என்ற மேன்முறையீட்டைக் கொடுக்க வேண்டும். எழுத்தில் தீர்ப்பு வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தால் முடிந்தது கதை.

அன்று பின்னேரம் துருக்கிய நண்பர்தான் தன் தங்கைக்கு வாதாடிய ஒரு சட்டத்தரணியின் விலாசம் தந்தார். முதலில் கோட்டில் போய், வருமானம் குறைந்தவர்களுக்கான ஆலோசனைத் துண்டு எடுத்தேன். அதைக் கொண்டு போனால் சட்டத்தரணிக்கு 15 யூரோவுக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் குற்ற வழக்கில் அந்தத் துண்டு ஆலோசனைக்கு மட்டும்தான், கோட்டில் வந்து வாதாட அல்ல. மிச்சத்தை மாதம் 100 யூரோ வீதம் கட்டுவதாகப் பேசிக்கொண்டோம். அந்த வருடம் ஊருக்குக் காசு அனுப்பியது குறைவு.

சட்டத்தரணி அம்மா மூன்றாம் நாளே மேன்முறையீட்டைக் கொடுத்தார். பிறகு கோட்டுக் கோப்பை எடுப்பித்து, ஓர் உரைபெயர்ப்பாளரை வைத்து எனக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். அந்தக் கோப்பில் இருந்தது எல்லாம் என்னைப் பற்றியது, ஆனால் நான் அதுவரை ஒரு பக்கமும் கண்டதில்லை. "இங்கே ஐலிக் என்று இருக்கிறது, அவசரம். ஏன் அவசரம்?" என்று கேட்டார். வாசகர்களே, அதுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் அந்தரத்தின் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தை விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். தண்டனைச் சட்டத்தின் 315சீ பிரிவில் வீதியில் செய்யும் ஏழு பிழைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பிழையாக முந்துவது, முன்னுரிமை கொடுக்காமல் விடுவது, பாதசாரிக் கடவையில் பிழையாக ஓட்டுவது, ஓட்டோபானில் பின்னால் எடுப்பது அல்லது எதிர்த்திசையில் ஓடுவது என்று போகும். ஜேர்மன்காரர் இவற்றை ஏழு கொடும்பாவங்கள் என்று பகிடியாகச் சொல்வார்களாம். ஆனால் பிழை செய்தால் மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது. பிழை மோசமானதாக இருக்க வேண்டும். இன்னொருவர் மயிரிழையில் தப்பினார் என்கிற அளவுக்கு உண்மையான ஆபத்து, அல்லது பெறுமதியான பொருளுக்கு அப்படி ஓர் ஆபத்து, வந்திருக்க வேண்டும். இவற்றோடு, செய்தவர் றூக்சிக்ற்ஸ்லோஸ் ஆக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு மேல் நீதிமன்றம் 1950களிலேயே விளக்கம் சொல்லியிருக்கிறது. தன் சுயநலத்துக்காக மற்றவருக்குரிய கடமையைத் தெரிந்தே தள்ளி வைக்கிறவன், அல்லது என்ன நடந்தாலும் எனக்கென்ன என்று யோசனையே இல்லாமல் ஓடுகிறவன். மனம் பதறி, நிதானம் தப்பி ஒரு கணத்தில் பிழை செய்தவன் அந்தச் சொல்லுக்குள் இலகுவில் அடங்கமாட்டான். ஆகவே "அவசரம்" என்று மட்டும் எழுதினால் அது சுயநலம் மாதிரித் தெரியும். ஏன் அவசரம் என்பதில்தான் வழக்கே தங்கியிருந்தது.

"ஒன்று சொல்கிறேன்," என்றார் சட்டத்தரணி. "நீங்கள் முந்தியது பிழை. ஆபத்தும் உண்மை. இந்த இரண்டையும் நாங்கள் மறுக்கப் போவதில்லை. மறுக்க விருப்பமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்." வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அப்ப போங்கோ" என்றாள்.

ஐப்பசியில் லான்ட்கெரிக்ற்றில் விசாரணை. சட்டம் படித்த நீதிபதி ஒருவர், இரண்டு பக்கமும் பொதுமக்களிலிருந்து ஒவ்வொருவர். ஒருவர் என்னைப்போல் தொழிலாளி மாதிரித்தான் தெரிந்தார், கையைப் பார்த்தால் விளங்கும். மேன்முறையீட்டில் பழைய கடதாசியை மட்டும் பார்ப்பதில்லை, சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டு முழுவதையும் புதிதாக விசாரிக்கிறார்கள். நீங்கள் காரணமில்லாமல் போகாமல் விட்டால் அப்படியே தள்ளிவிடுவார்கள். முதல் கோட்டிலும் அதே விதிதான்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்த நேரம் குறித்த கடதாசியும், நான் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நேரம் பதிந்த துண்டும் இருந்தன. மேற்பார்வையாளர் வந்து, இவன் வேலைச் சப்பாத்தோடு ஓடினான், கதவைக்கூடச் சாத்தவில்லை என்று சொன்னார். உரைபெயர்ப்பாளர் எங்கள் பக்கத்து அம்மா ஒருவர், நரைத்த தலை. நான் சொன்ன சொல்லைப் பற்றிச் சட்டத்தரணி எழுப்ப, நீதிபதி உரைபெயர்ப்பாளரிடம் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். ஜேர்மனில் நீளமாகச் சொல்லிவிட்டுப் பிறகு எனக்குத் தமிழில்: "நெஞ்சு பதறி, என்ன செய்யிறது ஏது செய்யிறது எண்டு தெரியாமல் துடிக்கிற நிலை எண்டு சொன்னனான். தன்ரை அலுவலுக்காகக் கெதியாப் போறதுக்கு நாங்கள் இந்தச் சொல்லைச் சொல்லிறதில்லை எண்டும் சொன்னனான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டில் ஆண்பிள்ளை அழலாமா என்று அண்ணர் பிறகு கேட்டார். அவருக்கென்ன.

கடைசியில் அந்த ஜேர்மன் அம்மா. சட்டத்தரணி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இவர் நிறுத்திய பிறகு என்ன செய்தார்? அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். திரும்பி ஓடி வந்தான், முகம் வெளுத்திருந்தது, பிள்ளை பிள்ளை என்று சொல்லிக்கொண்டே நின்றான், தன்னைவிட அவன்தான் கூட நடுங்கினான் என்று. அன்றைக்கே பொலிசுக்கும் இதைச் சொன்னதாகச் சொன்னார். கோப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். உண்மைதான், ஒரு வரி இருந்தது. முதல் விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருந்தது, நான் கேட்கவில்லை.

குற்றத் தீர்ப்பு விலக்கப்பட்டது. ஆனால் சும்மா விடவில்லை, விடவும் கூடாது. வீதி ஒழுங்கை மீறியதற்குச் சில நூறு யூரோ தண்டப்பணம், ஒரு மாதம் ஓட்டத் தடை. அனுமதிப்பத்திரம் ஏற்கனவே ஒன்பது மாதமாக அவர்களிடம் இருந்ததால் அந்த ஒரு மாதம் அதில் கழிந்துவிட்டது. அன்றே பத்திரத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இப்போது கணக்குப் பார்த்தால், சட்டத்தரணிக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி அரசாங்கம் திருப்பித் தந்தது, மிச்சம் என் தலையில். கட்டளையை ஏற்று எட்டு மாதம் இருந்திருந்தாலும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் திரும்ப ஓட்டியிருப்பேன். "பிறகேன் இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டால், காசுக் கணக்கில் எனக்குப் பெரிய இலாபமில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த வசனம் போனது பெரிது. அதைவிட, வதிவிட அலுவல்களும் இருக்கின்றன. குடியுரிமை எடுக்கும்போது 90 நாள் வீதம் வரையான தண்டத்தைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ஒன்றுக்கு மேல் இருந்தால் கூட்டிப் பார்ப்பார்கள். என் 60 இருந்திருந்தால், இன்னொரு சின்னப் பிழை போதும். டுல்டுங்கில் இருந்து தொழிற்பயிற்சிக்கான அனுமதி கேட்கிற பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கம்: வேண்டுமென்று செய்த குற்றத்துக்கு 50 நாள் வீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். ஆகவே தொகையைப் பார்க்க முதல் நாளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

உரைபெயர்ப்பாளருக்குக் காசு கட்ட வேண்டி வரும் என்று பயந்து தனக்கு ஜேர்மன் தெரியும் என்று சொல்லிவிடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். குற்ற வழக்கில் அந்தச் செலவை, தண்டனை கிடைத்தாலும், உங்களிடம் அறவிட முடியாது. ஒரு பிரித்தானியரும் ஓர் அல்ஜீரியரும் ஒரு துருக்கியரும் ஜேர்மனிக்கு எதிராக ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1978 கார்த்திகை 28ஆம் திகதி வாங்கித் தந்த தீர்ப்பு அது. உரைபெயர்ப்பாளர் சொல்வது விளங்காவிட்டால், அல்லது நீங்கள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று பட்டால், அந்த இடத்திலேயே சொல்லுங்கள். தமிழ்நாட்டுத் தம்பியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. "ஓம்" என்று சொன்னது நான்தானே.

இன்னொன்று. ஊருக்கோ கனடாவுக்கோ விடுமுறையில் போயிருக்கும்போது மஞ்சள் உறை வந்து நாள் தப்பிவிட்டது என்றால், திரும்பி வந்து விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஒரு கிழமைக்குள், தவணையைத் திரும்பத் தரச் சொல்லி, காரணத்துக்கு அத்தாட்சியோடு கோட்டில் கேட்கலாம். அதே கிழமைக்குள் எதிர்ப்பையும் கொடுத்துவிட வேண்டும். விமானச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயர் தெளிவாக இருக்கட்டும். மூன்று குடும்பத்துக்கு ஒரு பெட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

கடிதம் எழுதியவர் எதிர்ப்பைக் கொடுத்துவிட்டார். அவருடைய கதை என்னுடையது மாதிரி அல்ல, அவர் தோற்கவும் கூடும். அதையும் அவருக்குச் சொல்லித்தான் இருக்கிறேன்.

நான் இப்போதும் அதே வீதியால்தான் வேலைக்குப் போகிறேன். போன கார்த்திகையிலும் அந்த வளைவுக்குக் கிட்ட ஒரு சீனிக்கிழங்கு இயந்திரம் அகப்பட்டது. அதற்குப் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் வந்தவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். எட்டு நிமிடம் பிந்தித்தான் அட்டை அடித்தேன்.